'செக்' என்ற ஒரே சொல்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளையும் வேரையும் பிரித்துப் பார்க்கும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற டவுனில் 'செக்' என்ற சொல் நுழையாத இடம் கிடையாது. தோட்டத்து ஆபீசில் செக்ரோல், பேங்கில் செக், கிளினிக்கில் செக்அப், துணிக்கடையில் செக் சட்டை, பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தில் 'செக் யுவர் ஆன்சர்ஸ்'. எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் படிவம் நான்கு ஆங்கிலப் பகுதியில், ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே போடும் மூடுபயிர் மண் அரிப்பைச் 'செக்' பண்ணுகிறது என்று ஒரு வாக்கியம் வந்தால் பிள்ளைகள் பலர் 'மண் அரிப்பைச் சோதிக்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே அதன் பொருள் 'தடுக்கிறது'. டிங்கி பரவுவதைச் 'செக்' பண்ண நடவடிக்கை என்று செய்தித்தாள் சொல்வதும் இதே பொருளில்தான். பொருள்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். சொல் எங்கே கிளம்பி எப்படி நகர்ந்தது என்று ஒரு தடவை பார்த்துவிட்டவர்களுக்கு 'தடு' என்ற பொருள்தான் மூத்தது, 'சோதி' பிறகு வந்தது என்பது தெரிந்திருக்கும்.

டியூஷன் வகுப்பிலோ வீட்டுக் கூடத்திலோ இதைச் செய்யலாம். தேவையானவை: நான்கு ஏ4 தாள், பென்சில், கத்தரிக்கோல், இரண்டு வகை அகராதி. நேரம் ஏறக்குறைய இரண்டு மணி. ஒரே மூச்சில் வேண்டாம். வாக்கியம் சேர்ப்பது ஒரு நாள், அகராதி பார்ப்பது இன்னொரு நாள் என்று பிரித்துக்கொண்டால் பிள்ளைகள் சலிக்கமாட்டார்கள்.

அகராதிக்கு முன்னால் வாக்கியம்

முதல் வேலை அகராதியைத் திறக்காமல் இருப்பது. திறந்தால் அதன் பிரிவுகள் கண்ணில் பதிந்துவிடும். அப்புறம் சொந்தமாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

மூன்று ஏ4 தாளை எட்டெட்டாக வெட்டினால் 24 துண்டு கிடைக்கும். ஒரு துண்டுக்கு ஒரு வாக்கியம் என்று 'செக்' வரும் இடங்களை எழுதிச் சேர்க்க வேண்டும். பாதி அன்றாடப் பேச்சிலும் பலகையிலும் இருந்து: பேங்க் பாரம், கிளினிக் அட்டை, பேருந்து நிலையப் பலகை, கைப்பேசி அறிவிப்பு. மீதிப் பாதி அச்சில் இருந்து: ஆங்கிலச் செய்தித்தாள், பாடப்புத்தகம், பழைய தேர்வுத்தாள். ஐந்தாறு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால் 'சரிபார்' என்ற ஒரே பொருள்தான் திரும்பத் திரும்ப விழும். 'தடு', 'கட்டம்', சதுரங்கப் பொருள் எல்லாம் அச்சில்தான் அதிகம் தலைகாட்டும். அதனால்தான் இந்தப் பாதிக்குப் பாதி.

இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். ஒன்று, முழு வாக்கியம் வேண்டும். 'செக் த லிஸ்ட்' என்று துண்டாக எழுதினால் யார், எதற்காக என்பது தொலைந்துவிடும். பின்னால் ஒட்டிவரும் சின்னச் சொல்லையும் விடக்கூடாது: செக் இன், செக் அவுட், செக் ஆன், செக் வித்.

இரண்டாவது, எழுத்துக்கூட்டு. தமிழில் எழுதினால் எல்லாம் 'செக்' ஆகிவிடும், ஆங்கிலத்தில் அப்படி இல்லை. சோதிக்கிற செக் சி-எச்-இ-சி-கே. காசோலை, நம் நாட்டு வழக்கப்படி, சி-எச்-இ-கியூ-யு-இ. ஐரோப்பாவில் உள்ள செக் குடியரசு சி-இசட்-இ-சி-எச். ஆகவே துண்டில் அந்தச் சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்ன செக் இப்போதே வெளியே போகலாம். அது அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர், போலந்துக்காரர் எழுத்துக்கூட்டில் ஆங்கிலத்துக்கு வந்தது; ஒலி ஒன்றானாலும் உறவு இல்லை. காசோலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து மாறியிருந்தாலும் அது இந்த வீட்டுப் பிள்ளைதான்.

குவியல் போடுவது

24 துண்டையும் மேசையில் பரப்பி, 'செக்' இருக்கும் இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டு வாக்கியம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சரிபார், தடு, கட்டம், காசோலை, அடையாளச்சீட்டு, சதுரங்கத்தில் அரசனுக்கு ஆபத்து: இந்த ஆறுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். எதிலும் அடங்காத துண்டை இழுத்துப்பிடித்து நுழைக்க வேண்டாம். 'மற்றவை' என்று ஓரமாக வையுங்கள். அமெரிக்கச் சாப்பாட்டுக் கடையில் பில்லுக்கும் 'செக்' என்றுதான் பெயர்; அந்த மாதிரித் துண்டு அங்கே போய் உட்காரும்.

சரிபார்ப்பா தடுப்பா என்று சந்தேகம் வந்தால் நம் ஊர்ப் பலகைகளே கைகொடுக்கும். மலாய்க்காரர் சரிபார்ப்பதற்கு 'செமாக்' என்பார்கள், பரிசோதிப்பதற்கு 'பெரிக்சா', தடுப்பதற்கு 'செகா', காசோலைக்கு மட்டும் 'செக்'. ஆங்கிலமும் மலாயும் சேர்ந்து அச்சான பாரத்தில் எந்தச் சொல் எதிரே நிற்கிறது என்று பார்த்தால் எந்தக் குவியல் என்பது தெரிந்துவிடும். மூன்று மொழி தெரிந்த பிள்ளைக்கு இருக்கும் வசதி இது. டியூஷனில் யாரும் இதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது ஒரு குறைதான்.

இன்னொரு சிக்கல், பெட்டியில் போடும் சரி அடையாளம். நம் தேர்வுத்தாள்களில் 'டிக்' என்றுதான் இருக்கும். அமெரிக்கர் அதையே 'செக்' என்பார்கள், 'செக் த பாக்ஸ்' என்றால் பெட்டியில் டிக் போடு. பெட்டியைச் சோதிக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு இணையப் படிவத்தை நிரப்பாமல் விட்டவர்கள் உண்டு. இதைச் 'சரிபார்' குவியலிலேயே சேர்க்கலாம், பார்த்தாயிற்று என்பதற்கான குறிதானே.

அகராதியில் எதைப் பார்ப்பது

இப்போது அகராதி. மாணவர் அகராதி ஒன்றும் வரலாற்று அகராதி ஒன்றும் வேண்டும். மாணவர் அகராதியில் அதிகம் புழங்கும் பொருள் முதலில் வரும். ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியிலும் மெரியம் வெப்ஸ்டரிலும் வயதில் மூத்த பொருள் முதலில் வரும். இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழப்பம்தான்: ஒன்றில் முதல் பொருள் 'சரிபார்', இன்னொன்றில் சதுரங்கம். இரண்டும் சரி, வரிசை வேறு, அவ்வளவே. பேரகராதியின் முதல் பகுதி 1884-ல் வந்தது, முழு அகராதி முடிந்தது 1928-ல். இன்று அதன் இணையப் பதிப்பை முழுதாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். மெரியம் வெப்ஸ்டருக்கும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்‌ஷனரி என்ற சொல்வரலாற்றுத் தளத்துக்கும் காசு வேண்டாம். வீட்டுக்கு இவை இரண்டே போதும்.

சொல்லின் வரலாறு சிறிய குறிப்பாக, சுருக்கெழுத்துகளோடு இருக்கும். அதைச் சங்கிலியாக வாசித்து ஏணியாக எழுதுங்கள். நான்காவது ஏ4 தாளைக் குறுக்குவாக்கில் வைத்து, இடதுபக்கம் கீழிருந்து மேலே ஏறுகிற மாதிரி படிகள். ஒவ்வொரு படியிலும் நான்கு தகவல்: மொழி, வடிவம், பொருள், காலம். ஏதாவது ஒன்று கிடைக்கவில்லை என்றால் இடத்தை வெறுமையாக விடலாம், ஊகித்து நிரப்பக்கூடாது. நட்சத்திரக்குறி போட்ட வடிவம் வந்தால் அது எழுத்தில் கிடைத்தது அல்ல, அறிஞர் கணித்துச் சொன்னது என்று பொருள். தாளிலும் அந்த நட்சத்திரத்தை விடாமல் எழுத வேண்டும்.

'செக்'குக்கு ஏணி இப்படி வரும். அடிப்படி பாரசீகம்: 'ஷா', அரசன். அடுத்தது அரபு, அதே 'ஷா', சதுரங்கத்தின் அரசன். அதற்கு மேல் இடைக்கால லத்தீன் 'ஸ்காக்கஸ்'. பிறகு பழைய பிரெஞ்சு 'எஸ்செக்'. உச்சியில் ஆங்கில 'செக்', 1300 வாக்கில். பிரெஞ்சில் இதன் பன்மைதான் ஆங்கிலத்தில் 'செஸ்' ஆனது. ஆக, செஸ் என்ற ஆட்டத்தின் பெயருக்கே 'அரசர்கள்' என்பதுதான் அடிப்பொருள்.

'ஸ்காக்கஸ்' எப்படி 'எஸ்செக்' ஆனது, முன்னால் அந்த 'எ' எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பாட்டி ஸ்கூலை 'இஸ்கூல்' என்றும் ஸ்டோரை 'இஸ்டோர்' என்றும் சொல்கிறாரே, அதே காரணம்தான். 'ஸ்' உடன் இன்னொரு மெய் சேர்ந்து சொல்லின் முதலில் வந்தால் வாய் ஓர் உயிரெழுத்தைத் துணைக்கு அழைக்கிறது. பழைய பிரெஞ்சுக்காரரும் அப்படித்தான் அழைத்தார்கள். ஆங்கிலம் பல சொற்களில் அந்த முன்னொட்டை மறுபடி உதறிவிட்டது. 'எஸ்டேட்'டும் 'ஸ்டேட்'டும் ஒரே சொல்லின் இரண்டு வடிவம். ஒன்றில் 'எ' நின்றது, மற்றதில் விழுந்தது.

பொருளின் நடை

ஏணிக்கு வலதுபக்கம் பொருள்களைக் கால வரிசையில், அம்புக்குறி போட்டு எழுத வேண்டும். இந்தச் சொல்லில் சுவையான பகுதி இதுதான், ஆகவே நேரம் கொடுங்கள்.

சதுரங்கத்தில் 'செக்' என்று குரல் கொடுத்தால் எதிராளி தன் திட்டத்தை எல்லாம் நிறுத்திவிட்டு அரசனைக் காப்பாற்ற வேண்டும். அந்தக் குரலே 'திடீர் நிறுத்தம்' என்ற பொருளுக்கு இழுத்தது. நிறுத்தத்தில் இருந்து 'தடு, கட்டுக்குள் வை'. யாரையாவது கட்டுக்குள் வைக்க வேண்டுமானால் அவர் செய்ததை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வழியில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'சரிபார்' என்ற பொருள் வந்து சேர்ந்தது. இன்று முதலில் நினைவுக்கு வருகிற பொருள் வரிசையில் கடைசிப் பக்கம் நிற்கிறது. மண் அரிப்பு வாக்கியத்தில் விழுந்த பிள்ளைக்கு இந்த அம்புக்குறியைக் காட்டினால் போதும்.

கட்டம் போட்ட துணி வேறு கிளை. சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்கியர்'. பலகையின் கட்டங்களில் இருந்து துணியின் கட்டம். கைலியில் இருக்கும் கட்டமும் பலகையில் இருக்கும் கட்டமும் கண்ணுக்கு ஒன்றுதானே.

இதே பலகைதான் இங்கிலாந்தின் கருவூலத்துக்கும் பெயர் கொடுத்தது. 12ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற அதிகாரி எழுதிவைத்த விளக்கம் இருக்கிறது: 10 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள மேசை, மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி, அந்தக் கோடுகளுக்கு நடுவே வில்லைகளை வைத்து நகர்த்தி, மாவட்ட அதிகாரிகள் கொண்டுவந்த வரிப்பணத்தைக் கணக்குப் பார்த்தார்கள். பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் அந்த அலுவலகம் 'எக்ஸ்செக்கர்'. பிரிட்டிஷ் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான்.

காசோலை 18ஆம் நூற்றாண்டுக் கதை. பணச்சீட்டில் யாரும் தொகையைத் திருத்தி மோசடி செய்யாமல் இருக்க அலுவலகம் வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் முதலில் 'செக்' என்று பெயர், தடுப்பு என்ற பொருளில். பிறகு சீட்டுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கியூ-யு-இ என்ற எழுத்துக்கூட்டு எக்ஸ்செக்கரைப் பார்த்து வந்தது. அமெரிக்கர் அந்த வேலையே வேண்டாம் என்று சி-கே-யோடு நின்றுகொண்டார்கள்.

கோட்டு, பெட்டி ஒப்படைத்தால் கொடுக்கும் அடையாளச்சீட்டும் 'செக்'தான். பொருள் கைமாறிப் போகாமல் தடுப்பது அதன் வேலை.

இனி செக்ரோல். தோட்டத்தில் வேலைக்கு வந்தவர் பேரைக் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், பதியும் புத்தகம். பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்று பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். ஆங்கிலத்தில் இதன் பழைய வடிவம் 'செக்கர் ரோல்'. அரசர் வீட்டு வேலைக்காரர்களின் பெயர்ப்பட்டியலை 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஏழாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று இந்தப் பெயரால்தான் சொல்கிறது. லண்டன் அரண்மனையில் சமையல்காரன் பேர் விழுந்த ஏட்டின் பெயர்தான் பேராக்கில் பால்வெட்டுக்காரர் பேர் விழுந்த ஏட்டுக்கும். டவுனில் பழைய தோட்டத்துப் பெரியவர்கள் இருந்தால் செக்ரோலில் என்னென்ன கட்டம் இருந்தது என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அகராதியில் கிடைக்காத தகவல் அது.

எங்கே சறுக்கும்

பெரிய சறுக்கல், ஒலியை நம்புவது. 'நம் செக்குதான் ஆங்கிலச் செக், சுற்றிச் சுற்றிப் பார்ப்பதால் அந்தப் பெயர்' என்று யாராவது சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். இதை மூன்று கேள்வியால் வடிகட்ட வேண்டும். முதன்முதலில் எழுத்தில் எப்போது கிடைக்கிறது? எந்த வழியாக, யார் வாய் மாறி வந்தது? நடுவில் உள்ள பொருள்கள் படிப்படியாக இணைகின்றனவா? எண்ணெய்ச் செக்கு மூன்றிலும் விழுந்துவிடும். 1300 வாக்கில் இங்கிலாந்துக்கு அதைக் கொண்டுபோக வழியே இல்லை, 'ஆட்டு' என்ற பொருளில் ஒரு வாக்கியம்கூட அங்கே கிடையாது. பாரசீகத்தில் இருந்து வரும் ஏணியிலோ ஒவ்வொரு படிக்கும் எழுத்துச் சான்று உண்டு. அதே மூன்று கேள்வியைக் 'கேட்டமரான்', 'செரூட்' என்ற ஆங்கிலச் சொற்களிடம் கேட்டால் கட்டுமரமும் சுருட்டும் தேறிவிடும். தமிழில் இருந்து போனதை நிரூபிக்கவும் இந்த வடிகட்டிதான் வேண்டும்.

இதில் நமக்கு வருத்தப்பட ஒன்றும் இல்லை. சொல் பாரசீகம், ஆட்டம் இந்தியா. 'சதுரங்கம்' பாரசீகத்தில் 'சத்ரங்', அரபில் 'ஷத்ரஞ்ச்' என்று ஆனது. மலாயில் ஆட்டத்துக்கே 'சாத்தூர்' என்று பெயர், சமஸ்கிருத 'சதுர்'தான் அது. மலாய்ச் சதுரங்கத்தில் மூலையில் நிற்கும் காய்க்கு 'தீர்' என்று பெயர். அது நம் தேர்.

இரண்டாவது சறுக்கல், முடிவாகாத இடத்தை முடித்துவைப்பது. 'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. 'அரசன் செத்தான்' என்று அரபு வழியாகச் சொல்வோர் உண்டு, 'அரசன் கதியற்று நின்றான்' என்று பாரசீக வழியாகச் சொல்வோர் உண்டு. தாளில் இரண்டையும் எழுதி நடுவே ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஆட்டத்தில் அரசனை வெட்டுவது கிடையாது என்பதால் இரண்டாவது விளக்கம் கொஞ்சம் பொருந்திவருகிறது, ஆனால் பொருத்தம் சான்று ஆகாது.

மூன்றாவது, வேர்தான் 'உண்மையான' பொருள் என்று நினைத்துக்கொள்வது. வேர் அரசன் என்பதற்காகப் பேங்க் செக்கில் அரசனைத் தேட முடியாது. இன்றைய வாக்கியத்தில் சொல் என்ன வேலை செய்கிறதோ அதுதான் பொருள்.

பேச்சில் திருத்த வேண்டியவை

நாம் 'ரத்தம் செக் பண்ணணும்' என்கிறோம். அதை அப்படியே ஆங்கிலமாக்கி 'பிளட் செக்' என்று எழுதக்கூடாது, 'பிளட் டெஸ்ட்'. டாக்டரிடம் காட்டினேன் என்பதற்கு 'ஐ செக்ட் த டாக்டர்' என்று எழுதினால் டாக்டரை நாம் சோதித்ததாக ஆகிவிடும். 'ஐ வென்ட் ஃபார் எ செக்அப்' என்று எழுத வேண்டும்.

பின்னொட்டுகளில் அதிகம் குழம்புவது இரண்டு. 'செக் வித்' என்றால் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது: கிராணியிடம் கேள். 'செக் ஆன்' என்றால் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பது: பாட்டியைப் போய்ப் பார். 'செக் அப் ஆன்' என்றால் அதில் கண்காணிக்கிற தொனி ஏறிவிடும், பெரியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். 'செக் இன்', 'செக் அவுட்' இரண்டும் ஏட்டில் ஆள் வருவதையும் போவதையும் பதிவது. ஹோட்டலானாலும் விமான நிலையமானாலும் அதே கணக்கு.

முடிந்ததா என்று பார்க்க

தாளை மடித்து வைத்துவிட்டு, புதிதாக ஐந்து வாக்கியம் கொடுங்கள். குறைந்தது இரண்டு 'தடு' பொருளில் இருக்கட்டும், ஒன்று எந்தக் குவியலிலும் சேராததாக இருக்கட்டும். பிள்ளை பொருளையும் சொல்ல வேண்டும், அது எந்த அம்புக்குறி வழியாக வந்தது என்றும் சொல்ல வேண்டும். பொருள் சரி, வழி தெரியவில்லை என்றால் ஊகம் பலித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள்.

அடுத்து எடுக்க 'ரப்பர்' நல்ல சொல். பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்கப் பயன்பட்டதால் வந்த பெயர், 1770-ல் ஜோசப் பிரீஸ்ட்லி இந்தப் பயனைக் குறித்து எழுதியிருக்கிறார். மரம், செருப்பு, முத்திரை எல்லாம் அந்தத் தேய்ப்பில் இருந்து கிளம்பியவை. ஆனால் சீட்டாட்டத்தில் வரும் 'ரப்பர்' இந்தக் குடும்பத்தில் சேருமா என்பது தெளிவில்லை. கேள்விக்குறிப் பழக்கத்துக்கு அது உதவும். 'செட்', 'ரன்' இரண்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். பேரகராதியில் அவற்றுக்கு நூற்றுக்கணக்கில் பொருள், 24 துண்டு எந்த மூலைக்கும் காணாது.